உடுக்குறி இட்ட பெயர்கள்: பழைய மாணவர் மடலின் வரலாறு

கொல்கத்தாவின் தெற்கே, பெஹாலாவின் கடைத்தெருக்களைக் கடந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் சென்றால் ஜோக்கா வரும். 1961இல் தொடங்கப்பெற்ற ஐ.ஐ.எம். கல்கத்தாவின் வளாகம் இன்று அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்நிறுவனம் பிறந்த இடம் அதுவன்று. 1975இல் ஜோக்காவுக்குக் குடிபெயரும் வரை அது நகரின் வடபுறத்தில், பாரக்பூர் ட்ரங்க் சாலையில் உள்ள எமரால்டு பௌவர் என்னும் தோட்ட மாளிகையில் இயங்கிவந்தது. பாதுரியாகாட்டா தாகூர் குடும்பத்துக்கு உரியதாயிருந்த அம்மாளிகைக்கு வங்காளத்தில் மரகதகுஞ்ஜம் என்று பெயர். மேலாண்மை மாணவர்கள் அங்கு வருவதற்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தோட்டத்தில் வேறொரு மாணவர் கூட்டம் கூடியிருக்கிறது: படிப்பை முடித்துப் பல்லாண்டுகள் ஆகியும் 'மாணவர்' என்ற பெயரை விட மனமில்லாதவர்களின் கூட்டம்.

1870களின் நடுப்பகுதியில் கல்கத்தாவின் பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடும் வழக்கத்தைத் தொடங்கினர். 'காலேஜ் ரீயூனியன்' என்ற ஆங்கிலப் பெயரே அதற்கு வழங்கியது. அப்படி மரகதகுஞ்ஜத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு, அமைப்பாளர்களில் ஒருவரான சந்திரநாத் பாசுவின் அழைப்பால், இளம்பருவத்து ரவீந்திரநாத் தாகூரும் சென்றார். அவர் எந்தக் கல்லூரியின் பட்டதாரியும் அல்லர், பின்னாளிலும் ஆகவில்லை. கூட்டத்தில் எவரோடும் ஒட்டாமல், மார்பில் கைகட்டி நின்ற ஒருவரைக் கண்டு, அவர் யார் என்று விசாரித்தார். அவர்தாம் பங்கிம்சந்திரர். ஓர் அறையில் பண்டிதர் ஒருவர் தாம் இயற்றிய வடமொழிச் செய்யுள்களைப் படித்து விளக்கிக்கொண்டிருந்தார். இடையே நயமற்ற ஓர் உவமை வந்ததும், பங்கிம் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு விரைந்து வெளியேறினார். பல பத்தாண்டுகள் கழித்து 'ஜீவன்ஸ்மிருதி'யில் தாகூர் இதை எழுதினார். அந்தக் கூட்டத்தை இன்று இலக்கிய வாசகர்கள் அறிவது பெரும்பாலும் இந்த ஒரு காட்சியால்தான்.

அதே ஒன்றுகூடல்களின் முன்னோடியான ராஜ்நாராயண் பாசு வேறொரு வகையில் நினைவைச் சேர்த்தார். 1817 ஜனவரி 20 அன்று இந்துக் கல்லூரியாகத் தொடங்கி, 1855இல் பிரசிடென்சிக் கல்லூரியாக மாறிய தம் கல்லூரியின் வரலாற்றைப் பழைய மாணவர்களுக்கான உரையாக எழுதிப் படித்தார். பின்னர் அது நூலாயிற்று. இன்றும் அக்கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் அந்நூலைத் தேடிச் செல்கின்றனர்.

ஒருவர் நிறுவனத்தின் கதையைச் சொன்னார். மற்றவர் ஒரு மனிதரின் கணநேர முகக்குறிப்பைச் சொன்னார். பழைய மாணவர் மடல் என்ற எழுத்துவகை இவ்விரண்டுக்கும் இடையில்தான் வாழ்கிறது. அதைப் படிக்கத்தக்கதாக ஆக்குவது எது, வெறும் அறிவிப்புத்தாளாகத் தாழ்த்துவது எது என்பதற்கு அதன் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'அலும்னஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வேர், ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடையது. வளர்ப்புப் பிள்ளை என்பதே அதன் முதற்பொருள். வங்காளி 'பிராக்தனி' என்கிறார். முற்காலத்தவர் என்பது பொருள். தமிழகத்தில் 'முன்னாள் மாணவர்', ஈழத்தில் 'பழைய மாணவர்'. முதற்சொல் உறவைச் சுட்டுகிறது. நம் சொற்கள் காலத்தைச் சுட்டுகின்றன. ஓர் உறவு நீடிக்கிறதா, காலம் முடிந்துவிட்டதா என்ற ஐயம் ஒவ்வொரு மடலுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஆண்டில் படிப்பை முடித்தவர்களை ஓர் அலகாகக் கொள்ளும் வழக்கம், இன்று நாம் 'பேட்ச்' என்று சொல்வது, அமெரிக்காவின் பழைய கல்லூரிகளில் வேரூன்றியது. யேல் கல்லூரியில் 1792 அளவிலேயே ஆண்டுவாரியான அமைப்பு இருந்தது. 1821இல் வில்லியம்ஸ் கல்லூரியின் பழைய மாணவர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அதற்குக் காரணம் கொண்டாட்டம் அன்று, அச்சம். கல்லூரித் தலைவரே மாணவர் சிலரோடு வெளியேறி ஆம்ஹெர்ஸ்டில் வேறு கல்லூரி தொடங்கச் சென்றுவிட்டார். எஞ்சியது மூடப்படுமோ என்ற கலக்கத்தில் பழைய மாணவர்கள் கைகோத்தனர்.

அச்சங்கங்களுக்கு முன்பே ஹார்வர்டு போன்ற கல்லூரிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பட்டதாரிகளின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டன. அதில் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இறந்தவர் பெயருக்கு முன் ஓர் உடுக்குறி இடப்பட்டிருக்கும். புதிய பட்டியல் கைக்கு வந்ததும் தம் ஆண்டின் பக்கத்தைப் புரட்டி, புதிதாக எங்கே உடு முளைத்திருக்கிறது என்று ஒருவர் பார்த்திருப்பார் அல்லவா? ஒரேயொரு குறியீடு ஒரு பட்டியலை மடலாக்கிவிட்டது. ஹார்வர்டின் 1829ஆம் ஆண்டுக் குழுவினருக்கு இன்னும் நல்ல பேறு வாய்த்தது. அவர்களுள் ஒருவரான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 1851 முதல் 1889 வரை அக்குழுவின் ஆண்டுச் சந்திப்புகளுக்காகக் கவிதைகள் எழுதிவந்தார். ஆண்டுதோறும் கேட்போர் குறைந்துகொண்டே வந்தனர். எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. ஊரறிந்த கவிஞர் ஒருவர் சில பத்து நண்பர்களுக்காக மட்டும் எழுதினார் என்பதே அக்கவிதைகளின் அழகு.

இந்த அமெரிக்க மரபு தமிழுலகையும் தொட்டது. 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் சிலர் ஒரு வைக்கோற்போரின் அடியில் மழைக்கு ஒதுங்கிச் செய்த வழிபாட்டிலிருந்து எழுந்த ஆர்வமே 1810இல் அமெரிக்க மிஷன் சபையாக வடிவெடுத்தது. அச்சபையினர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். மாணவர் பலருக்கு மேலைநாட்டுப் பெயர்கள் சூட்டப்பெற்றன. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்ற இரட்டைப் பெயர்கள் அப்படி வந்தவை. 1841இல் 'உதயதாரகை' இதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களாயிருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் அங்குப் பயின்ற தமிழர்களே.

இங்குதான் பழைய மாணவரைப் பற்றிய ஒரு கேள்வி ஒரு கல்லூரியின் உயிரையே வாங்கியது. 1855இல் மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு யாழ்ப்பாணம் வந்து ஆராய்ந்தது. படித்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதே அக்குழுவின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று. ஊழியத்துக்கு வந்தவர்களைவிட அரசு வேலைக்குப் போனவர்கள் மிகுதி என்பது ஆங்கிலக் கல்விக்கு எதிரான சான்றாயிற்று. செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டுகளில் அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கு ஆசிரியராயிருந்த விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். முன்னவர் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றித் தமிழ்ப் புலவர் நானூற்றுவருக்கு மேற்பட்டோரின் வரலாறுகளைத் தொகுத்தார். ஆண்டர்சனின் கேள்வியில் இவற்றுக்கெல்லாம் இடமே இருக்கவில்லை. செமினரியின் பழைய மாணவர்களும் ஊராரும் முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அறிக்கைக்கு அவர்கள் அளித்த மறுமொழி அதுவே.

மடல் தொகுப்பவர் மறக்கக்கூடாத பாடம் இது. 'என்ன பதவியில் இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் பதவி மட்டுமே விடையாக வரும். பதவி இல்லாதவர் எழுதவே மாட்டார். அடுத்த மடலில் அவர் பெயரே இராது. 1891இல் யேலிலும் 1900இல் பிரின்ஸ்டனிலும் பழைய மாணவர் வார இதழ்கள் தொடங்கின. பிரின்ஸ்டன் இதழில் இன்றளவும் ஆண்டுவாரியான குறிப்புகள் தொடர்வதற்குக் காரணம், ஒவ்வோர் ஆண்டுக் குழுவுக்கும் ஒரு செயலாளர் இருந்து, தம் தோழர்களுக்கு விடாமல் எழுதிக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். விடுதிச் சமையற்காரர் பெயர் என்ன, யாருடைய விரிவுரையில் உறங்கினோம், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாய் என்ற சிறு கேள்விகளுக்கே நீண்ட விடைகள் வருகின்றன.

யாரைச் சேர்ப்பது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியின் இதழ் 1914இல் தொடங்கியது. 1916இல் ஓட்டன் நிகழ்ச்சியை ஒட்டிச் சுபாஷ் சந்திர போஸ் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் 1919இல் பட்டம் பெற்றது ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியிலிருந்து. ஆயினும் பிரசிடென்சி இன்று தன் மாணவர்களுள் அவரைப் பெருமையுடன் எண்ணுகிறது. வெளியேற்றப்பட்டவர் புகழ்பெற்றால் பட்டியலில் இடம் கிடைக்கிறது. கட்டணம் கட்ட முடியாமலும் திருமணத்தாலும் நோயாலும் இடையில் நின்றவர்களுக்கு அவ்விடம் கிடைப்பதில்லை. வகுப்புத் தோழர்களுக்கோ அவர்கள் முகம் நினைவிருக்கும். பதிவேட்டில் விடுபட்டவர்களை மடல் மட்டுமே மீட்க முடியும்.

பெஹாலாவுக்குத் திரும்பலாம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் பல இங்கே குடியேறின. தாகுர்புகூரில் விவேகானந்தா கல்லூரி 1950இலும் பெஹாலா கல்லூரி 1963இலும் எழுந்தன. இத்தகைய கல்லூரிகளின் பேட்ச்களுக்கு ஹோம்ஸ் போன்ற கவிஞரோ, தாகூர் போன்ற விருந்தினரோ வாய்ப்பது அரிது. இன்று எங்கும் பேட்ச்களின் உரையாடல் கைப்பேசிக் குழுக்களில் நடக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒருவர் எழுதும் அருமையான நினைவு, மறுநாளே மேலே உருண்டு மறைந்துவிடுகிறது. உடுக்குறி இடுவோரும் இல்லை.

டயமண்ட் ஹார்பர் சாலைக்கு இணையாகப் பெஹாலாவின் ஊடே ஓடும் சாலைக்கு ஜேம்ஸ் லாங் சரணி என்று பெயர். 'நீல் தர்ப்பண்' நாடக மொழிபெயர்ப்பு வெளியீட்டுக்காக 1861இல் சிறை சென்றவர் என்றே அந்தப் பாதிரியார் அறியப்படுகிறார். அதற்கு முன்பே, 1855இல், வங்காளத்தில் அச்சான 1,400 நூல்களுக்கு அவர் பட்டியல் தொகுத்தார். கற்றோர் பொருட்படுத்தாத மலிவுப் பதிப்புகளும் பஞ்சாங்கங்களும்கூட அவர் கணக்கில் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகனைப் பற்றி இன்று ஆய்வாளர் அறிவதில் கணிசமான பங்கு அந்தப் பொறுமையால் கிடைத்தது.

நாற்பது பேருக்காக ஆண்டுக்கு நான்கு பக்கம் தொகுக்கும் ஒருவர் செய்வதும் அதே பணிதான். தாளில் அச்சிட்டு, ஒரு படியைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிட்டால் அது ஆவணமாகிவிடும். அதன் பக்கங்களில் இருப்பவர்களுள் பெரும்பாலோர்க்கு வேறெந்த அச்சிலும் இடமிராது.