புனித தோமையார் யாத்திரை வழி, சென்னை

சாந்தோம், சைதாப்பேட்டை சின்னமலை, பரங்கிமலை ஆகிய மூன்று தலங்களை இணைக்கும் கிறித்தவ யாத்திரை வழி. இயேசுவின் சீடர் தோமா சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்து, கி.பி. 72இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டு, மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் யாத்திரையின் பழமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, கிறித்தவரோடு முஸ்லிம்களும் இங்கு வழிபட்டதையும், காய்ச்சலுக்கு மருந்தாகச் செம்மண் எடுத்துச் சென்றதையும் குறித்துள்ளார்.

பரங்கிமலை உச்சியிலுள்ள ஆலயம் போர்த்துக்கீசியர் கட்டியது. பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை 1547இல் இங்கே கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று அதில் குருதி கசிந்ததாக நம்புகின்றனர். சாந்தோமில் கல்லறைமேல் நிற்கும் இன்றைய பேராலயம் 1896ஆம் ஆண்டினது.

வழிக்கு உருக்கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். மலைக்குப் படிக்கட்டும், 1726இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலமும் தம் செலவில் அமைத்தார். பாலம் போய்விட்டது, அதே இடத்தில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. பழைய கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டைச் சாலையோரம் எஞ்சியுள்ளது. கடந்துபோவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.