புலவர் தங்கிய ஊர்களும் புலமை வளர்ந்த வழியும்

எழுத்துத் துறையில் புக விரும்பும் இளைஞரை வீட்டினின்று பிரித்து, மலைச்சாரலிலோ கடற்கரையிலோ சில நாள் தங்கவைத்து எழுதப் பழக்குவது இன்று பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். தனிமை வேண்டும், இடையூறற்ற பொழுது வேண்டும், புதிய இடத்தின் காட்சி வேண்டும் என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். இவை வேண்டியனவே. ஆயினும், அவ்வாறு தங்கும் இளைஞர் முதலில் செய்யத்தக்கது யாது? எழுதுவதா, கேட்பதா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குத் தமிழிலக்கிய வரலாற்றிலேயே நல்லதொரு சான்று உண்டு. அது 19-ஆம் நூற்றாண்டில், காவிரி பாயும் சோழநாட்டு ஊர்களில் நிகழ்ந்தது. அதன் நடுநாயகமாக விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அதனைக் கண்ணாற் கண்டு நமக்கு எழுதிவைத்தவர் அவருடைய மாணவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

ஊர் அழைத்த புலவர்

பிள்ளையவர்கள் 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்தவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா எனப் பலவகை நூல்களை இயற்றிய அவர், 22 தலபுராணங்களையும் பாடினார். உறையூர், மாயூரம், நாகைக்காரோணம், கும்பகோணம், அம்பர், திருப்பெருந்துறை முதலிய ஊர்கள் அவர் வாக்கால் புராணம் பெற்றவை. இவற்றுட் பல, அவ்வவ்வூராரின் வேண்டுகோளால் எழுந்தவை.

ஓர் ஊர்ச் செல்வரோ கோயிலதிகாரியோ புலவரை அழைப்பார். தலத்தின் வடமொழி மான்மியம் இருப்பின் அதன் கதைகளைத் தெரிவிப்பார். முதியோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகளையும் சொல்வார். புலவர் தம் மாணவருடனும் ஏடெழுதுவோருடனும் வந்து தங்குவார். நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தொடங்கி நூல் நாள்தோறும் வளரும். பிள்ளையவர்கள் பாடல்களை மனத்திலேயே அமைத்துக்கொண்டு வாயாற் சொல்ல, அருகிலிருப்பவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதுவார். நூல் முடிந்தபின், அல்லது முடிவதற்கு முன்பே, கோயிலில் ஊரார் கூடியிருக்க அரங்கேற்றம் தொடங்கும். தம் ஊர் ஆற்றையும் சோலையையும் தம் கோயில் இறைவனையும் செய்யுளாகக் கேட்ட ஊரார், புலவருக்குச் சிறப்புச் செய்து வழியனுப்புவர்.

ஆகவே அக்காலப் புலவரின் பயணத்தில் ஒரு கடமை இருந்தது. எந்த ஊரின் சோற்றை உண்டாரோ அந்த ஊரைப் பாடி, அந்த ஊராரின் முன்னிலையிலேயே அதனைப் படித்துக்காட்ட வேண்டும். எழுதியவர் ஓரிடத்திலும் படிப்பவர் வேறோரிடத்திலும் இருக்கும் இக்கால நிலை அன்று இல்லை.

தேடிக் கற்றவர்

பிறருக்கு ஆசிரியராகும் முன்னர்ப் பிள்ளையவர்கள் தாமே வழிநடந்து கற்றவர். தந்தையார் சிதம்பரம் பிள்ளை ஓர் ஆசிரியர். அவரே முதல் ஆசான். தந்தையார் மறைந்தபின் திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுப்புறங்களிலும், ஒரு நூலை அறிந்தவர் இன்னாரெனக் கேள்வியுற்றால் அவரை நாடிச் சென்று பாடம் கேட்டார். தண்டியலங்காரத்தை அவர் கற்றது ஒரு பரதேசியிடம். சென்னைக்குச் சென்றபோது காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களை அடுத்துத் தம் ஐயங்களைப் போக்கிக்கொண்டார்.

இத்தகைய அலைச்சலுக்குக் காரணம் வெளிப்படை. அந்நாளில் அச்சிட்ட தமிழ் நூல்கள் சிலவே. நூல் ஒருவர் வீட்டுப் பரணில் ஏடாக இருக்கும். அதன் பொருள் மற்றொருவர் நெஞ்சில் இருக்கும். இரண்டையும் ஒன்றுசேர்க்கக் கால்நடையன்றி வேறு வழியில்லை.

தளிர் காட்டிய மாணவர்

1855-இல் பிறந்த சாமிநாதையரின் இளமையும் இவ்வாறே கழிந்தது. அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர், வறியவர். மகனுக்குத் தமிழ் கற்பிப்பார் உள்ள ஊர் எதுவோ அதுவே தாம் வாழும் ஊர் என்று கருதிக் குடும்பத்துடன் அரியலூர், குன்னம் என இடம் பெயர்ந்தவர். செங்கணம் விருத்தாசல ரெட்டியார், தமக்குத் தெரிந்ததைக் கற்பித்தபின், இனிமேல் கற்பிக்கத்தக்கவர் பிள்ளையவர்களே என்று பெருந்தன்மையுடன் வழிகாட்டினார். அவ்வாறு 1871-இல் மாயூரத்தை அடைந்தார் மாணவர்.

அடைந்தவுடன் ஆசைப்பட்டது கிட்டவில்லை. முதலில் அவருக்குப் பாடம் சொன்னவர் மூத்த மாணவராகிய சவேரிநாத பிள்ளை. ஆசிரியரிடமே நேரிற் கேட்க வேண்டும் என்னும் ஏக்கம் இளைஞரை வாட்டியது. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்துச் செடிகளை நாள்தோறும் காலையில் பார்த்து, புதிதாகத் துளிர்த்தவற்றைக் கண்டு மகிழும் இயல்பினர். இதனைக் கவனித்த மாணவர், ஆசிரியருக்கு முன்பே எழுந்து எந்தச் செடியில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என ஆராய்ந்து வைத்து அவருக்குக் காட்டினார். அன்பு பிறந்தது, பாடமும் பிறந்தது. இந்நிகழ்ச்சியை ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றில் நகைச்சுவையோடு கூறுகிறார். எனினும் அதில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. ஒரு செடியில் நேற்றில்லாத தளிர் இன்று எங்கே தோன்றியது என்று காணும் கண்ணே, பின்னாளில் ஓர் ஏட்டுக்கும் மற்றோர் ஏட்டுக்கும் உள்ள எழுத்து வேறுபாட்டைக் காணும் கண்ணாயிற்று.

மடத்துப் பொழுதுகள்

மாயூரத்திலிருந்து பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்துக்குச் சென்று தங்குவதுண்டு. அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்தது அவ்வாதீனமே. ஐயர் சென்ற காலத்தில் அதன் தலைவராக இருந்தவர் சுப்பிரமணிய தேசிகர். தமிழும் வடமொழியும் இசையும் சுவைக்க வல்லவர். வருவோர்க்கெல்லாம் அங்கே உணவுண்டு. ஏட்டுச்சுவடிகள் நிறைந்த புத்தகசாலையும் உண்டு. வடமொழி வாணர், இசைப்புலவர், தமிழ்ப் புலவர் எனப் பலர் வந்துபோவர். தம்பிரான்கள் பலர் பாடங்கேட்கும் கூட்டத்தில் இளைஞராகிய ஐயரும் இடம்பெற்றார்.

எழுதுவோர்க்கு இன்று அமைக்கப்படும் தங்கல்மனைகளோடு இதனை ஒப்புநோக்கினால் ஒற்றுமையும் வேற்றுமையும் விளங்கும். உணவுக் கவலையின்மை, நூல்வசதி, அமைதியான சூழல் ஆகியன இரண்டிற்கும் பொது. ஆனால் மடத்தில் தனிமை என்பது அரிது. அங்கே ஒரு செய்யுளைப் பாடியவுடன் கேட்பதற்குச் செவிகள் இருந்தன. பிழை சொல்ல நாவும் இருந்தது. மாணவர்க்கு இடப்பட்ட முதல் வேலை கேட்டல். அடுத்தது ஆசிரியர் சொல்லச்சொல்ல எழுதல். பயணத்தில் வண்டியில் அமர்ந்திருக்கும்போதும் பிள்ளையவர்கள் பாடல் சொல்வார். மாணவர் ஏட்டை மடியில் வைத்து எழுதுவார். தாமாகச் செய்யுள் செய்வது அதற்குப் பிறகே.

அக்கூட்டத்தின் மற்றொரு சிறப்பும் குறிப்பிடத்தக்கது. சவேரிநாத பிள்ளை கிறித்தவர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் இசுலாமியர். பின்னாளில் பினாங்குக்கு வந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தியவர் அவரே. சைவ மடத்துப் புலவரின் மாணாக்கர் வரிசை இவ்வாறு பரந்திருந்தது. பிள்ளையவர்களின் இறுதி நேரத்தில் ஐயர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படிக்க, சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தாங்கியிருந்தார் என்னும் செய்தி கற்போர் உள்ளத்தை உருக்குவது.

பயணத்தின் விலை

இவ்வாழ்வை முழுதும் இனியதென எண்ணிவிடலாகாது. ஊர்தோறும் பாராட்டுப் பெற்ற அப்பெருந்தகையைக் கடன் விட்டபாடில்லை. வந்த பொருள் உடனிருந்த மாணவர்க்கும் வீட்டுச் செலவுக்குமே போதவில்லை. திருப்பெருந்துறைப் புராண அரங்கேற்றத்துக்கு உடன்சென்ற ஐயர் அங்கே நோய்வாய்ப்பட்டு, ஆசிரியரைப் பிரிந்து தம் பெற்றோரிடம் சேர நேர்ந்தது.

இவற்றினும் பெரிய விலை ஒன்றுண்டு. அழைத்தவர் விரும்பியதையே புலவர் பாட வேண்டியிருந்தது. ஈடற்ற அவ்வாற்றலின் பெரும்பகுதி, ஓரூர்க்குரிய புராணங்களில் செலவாயிற்று. அவற்றுள் இன்று படிக்கப்படுவன எத்தனை? தமிழாசிரியருள்ளும் அவற்றை முழுதும் படித்தவர் மிகச் சிலரே. உணவளித்தோரின் விருப்பம் எழுத்தின் எல்லையாகிவிடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. இவ்விடர்ப்பாடு இன்றும் இல்லாமற் போகவில்லை.

1880: ஒரு வினா

1880-இல் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். பிள்ளையவர்களின் மற்றொரு மாணவராகிய தியாகராச செட்டியார் விட்டுச்சென்ற இடம் அது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் கண்டார். என்ன படித்திருக்கிறீர்கள் என முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்றார். படித்ததில்லை என்பதே விடை.

பல்லாண்டுப் பயிற்சி அந்த ஒரு வினாவில் வீணாயிற்றோ என்று தோன்றும். ஆனால் நடந்தது வேறு. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை ஐயர் கையிலெடுத்தார். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படவில்லை. மூலமும் உரையும் அடி பிரியாமல் ஒன்றாகத் தொடரும். அவற்றிலிருந்து செய்யுளைப் பிரித்தறியக் கையிலொரு பழக்கமும் செவியிலொரு பழக்கமும் வேண்டும். எழுத்தாணி பிடித்து ஆசிரியரின் பாடல்களை எழுதியவர்க்கு முன்னது இருந்தது. எண்ணற்ற செய்யுட்களை ஓசையோடு கேட்டவர்க்குப் பின்னது இருந்தது. பாடங்கேட்ட நூல்கள் பழந்தமிழ் நூல்களல்ல. ஆயினும் கேட்ட முறை பழந்தமிழுக்கும் பயன்பட்டது.

மீண்டும் அதே வழி

இரண்டாம் முறை ஐயர் புறப்பட்ட பயணங்கள் ஏடு தேடும் பயணங்கள். முதற்பயணம் உள்ளூரிலேயே. சமண நூலாகிய சிந்தாமணியின் பொருளறிய அவர் கும்பகோணத்துச் சமணர் வீட்டை நாடினார். அங்கே தோரணம் கட்டியிருந்தது. சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடுகிறோம் என்றனர் வீட்டார். தமிழ்ப்புலவர் அறியாத நூல் அவர்கள் வீட்டில் வழிபாட்டு நூலாக வாழ்ந்திருந்தது. தாழ்ந்து சென்று கேட்ட ஐயருக்கு அவர்கள் தயங்காமல் விளக்கினர். பரதேசியிடம் தண்டியலங்காரம் கேட்ட ஆசிரியரின் மாணவர் இதனைச் செய்ததில் வியப்பில்லை.

ஆழ்வார்திருநகரியில் ஒரு கவிராயர் இல்லத்துச் சுவடிகளில் பத்துப்பாட்டைக் கண்டார். குறிஞ்சிப்பாட்டில் விடுபட்டிருந்த மலர்ப்பெயர்களைத் தருமபுர ஆதீனத்துச் சுவடி தந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு மனம் வெதும்பித் திரும்பினார். ஓரூரில் கிடைத்தது, ஓரூரில் அழிந்தது. இரண்டையும் அறியப் போயே தீரவேண்டியிருந்தது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

நாம் கொள்ளத்தக்கது

சோழநாட்டு ஊரார் புலவரை அழைத்துச் சோறிட்டது தம் ஊர்ப் புராணத்துக்காக. அப்புராணங்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டன. அப்புலவரின் அருகே கீழே அமர்ந்து ஓலையில் எழுதிக்கொண்டிருந்த இளைஞரை அன்று யாரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார். எனினும் அத்தங்கல்களின் தலைசிறந்த விளைவு அவ்விளைஞரே. விளைவு எங்கே தோன்றும் என்பதை அழைத்தவரும் அறியார், பாடியவரும் அறியார்.

ஆகவே, இளம் எழுத்தாளர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மூன்றாம் நாளே ஒரு கதையும் ஐந்தாம் நாளே ஒரு கவிதையும் எதிர்பார்த்துக் கவலைப்பட வேண்டுவதில்லை. சென்ற ஊரின் முதியவரிடம் ஒரு செய்தியைக் கேட்டு வரச் சொல்லலாம். நல்லதொரு நூலின் சில பக்கங்களைக் கையால் படியெடுக்கச் செய்யலாம். எழுதியதை எழுதிய ஊராரின் முன்னிலையிலேயே படிக்கச் செய்யலாம். தோட்டப்புறத்திலும் துறைமுகத்திலும் வாழ்ந்த முன்னோரின் நினைவுகள் நம் நாட்டு முதியோர் பலரிடம் இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன. ஏடு தீயிலிடப்பட்டதைக் கேட்டுத் திரும்பிய ஐயரின் நிலை நமக்கு வாராதிருக்க, அவர்களிடம் செல்ல வேண்டியது இப்பொழுதே.