வேட்பாளர் செய்தியும் அதன் ஊற்றும்: கேமரன் மலை, 2004 முதல் 2019 வரை

கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் ஊராட்சித் தேர்தல் வேட்பாளர் என்று எவரும் இல்லை. மலேசியாவில் அத்தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. மாவட்ட மன்றத்தில் இருப்பவர்கள் நியமன உறுப்பினர்கள். ஆகவே தேயிலைத் தோட்டத்து வாக்காளருக்கு வேட்பாளர் என்றால் தானா ராத்தா சட்டமன்றத்துக்கோ கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்கோ நிற்பவர்தான்.

2004இல் முதல் தேர்தலைக் கண்ட இந்நாடாளுமன்றத் தொகுதியில் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) எஸ்.கே. தேவமணி இருமுறை வென்றார். 2013இல் அக்கட்சியின் தலைவர் ஜி. பழனிவேல், ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) எம். மனோகரனை 462 வாக்குகளில் முந்தினார். தமிழ் நாளேடுகளில் இவர்களைப் பற்றிப் படித்தவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1979 முதல் 2010 வரை ம.இ.கா. தலைவராயிருந்த சாமிவேலுவின் குடும்பத்திடம் இருந்தது. யாருடைய ஏடு என்று தெரிந்துகொண்டுதான் செய்தியை எடைபோட வேண்டும்.

2015இல் சிக்கல் முற்றியது. ம.இ.கா. தலைவர் யார் என்பதிலேயே பிணக்கு. பழனிவேல் உறுப்பினர் தகுதியை இழந்தார் என்றது ஒரு தரப்பு. அவர்தான் தலைவர் என்றது மறுதரப்பு. கட்சிகளைப் பதிவுசெய்யும் சங்கப் பதிவகம் டாக்டர் எஸ். சுப்பிரமணியத்தை இடைக்காலத் தலைவராக ஏற்றது. இரு தரப்புக்கும் சம இடம் ஒதுக்கிவிட்டால் நடுநிலை ஆகிவிடாது; பதிவகம் சொன்னதைப் பதிவகத்தின் பெயரிலேயே எழுதியாக வேண்டும்.

இதைவிடக் கடினமான சோதனை 2018 மே மாதத் தேர்தலை அடுத்து வந்தது. ம.இ.கா.வின் சி. சிவராஜ் 10,307 வாக்குகள், மனோகரன் 9,710, வித்தியாசம் 597. பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் தரப்பட்டது என்று மனோகரன் மனுத் தாக்கல் செய்தார். அன்று அது மனுதாரரின் வாதம், அவ்வளவுதான். நவம்பர் 30இல் தேர்தல் நீதிமன்றம் லஞ்சம் நடந்தது நிரூபணமானதாகக் கூறி முடிவைச் செல்லாததாக்கியதும், அதே செய்தி நீதிமன்றத்தின் கண்டறிதலாக மாறியது. தேர்தல் மனு குற்றவியல் வழக்கு அல்ல. சிவராஜ் 'தண்டனை பெற்றவர்' என்று எழுதியிருந்தால் அது சான்றைத் தாண்டிய எழுத்து; 'வெறும் குற்றச்சாட்டு' என்று எழுதியிருந்தால் தீர்ப்பை மறைத்த எழுத்து. பின்னது பலருக்குக் கண்ணியமாகத் தோன்றுவதால் அதுவே ஆபத்தானது என்பேன்.

2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ம.இ.கா. அங்கம் வகித்த தேசிய முன்னணிக் கூட்டணி, அக்கட்சிக்குப் பதிலாக ரம்லி முகமட் நோரை நேரடி வேட்பாளராக இறக்கியது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரியான அவர் 3,238 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். 'நாடாளுமன்றத்தின் முதல் ஓராங் அஸ்லி' என்று அவரை எழுதுவது பிழை. மேலவையில் முன்பே ஓராங் அஸ்லி செனட்டர்கள் இருந்திருக்கிறார்கள். மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி அவர்.

வாக்களிப்பு முடிந்த ஐந்தாம் நாள், ஜனவரி 31இல், 'தமிழ் நேசன்' நின்றுபோனது. சார்பு இருந்தாலும் அது முகவரியுள்ள ஏடு. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டம், தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. இன்று தோட்டப்புறத்துக் கைப்பேசிகளில் வேட்பாளரைப் பற்றி வந்துசேரும் வாட்ஸ்அப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு அடிவரி கிடையாது.