மருத்துவபீட அநுமதியும் விஞ்ஞானப் பாடப் புள்ளிகளும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் மருத்துவபீட அநுமதி பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்தில் நின்று எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை கொழும்பில் நின்றோ பேராதனையில் நின்றோ எழுதப்பட்டவை. திருகோணமலைத் துறைமுக வட்டாரத்திற் கப்பல்துறை போன்றதோர் ஊரில் நின்று நோக்குவார்க்கு அதே வரலாறு வேறொரு தோற்றந் தருகின்றது. அங்கே உயிரியற் பிரிவில் அமரும் மாணவன் ஒருவனுக்கு இரசாயனவியலிலோ பௌதிகவியலிலோ கிடைக்கும் ஒரு புள்ளி, அவன் எந்த மாணவரோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறான் என்பதைப் பொறுத்தே பெறுமதி கொள்கிறது. அவ்வரிசை கடந்த அரை நூற்றாண்டிற் பல தடவை மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. அம்மாற்றங்களின் வரலாறே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

மேனாட்டு மருத்துவக் கல்வி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஷ் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் பயிற்றினார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். 1870இற் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியதும் ஆங்கிலமும் கட்டணமும் தகுதியைத் தீர்மானித்தன. 1942இல் அக்கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. இரண்டாவது மருத்துவபீடம் 1962இற் பேராதனையில் அமைந்தது. இடங்கள் சில, விழைவோர் பலர் என்னும் நிலை அக்காலத்திலேயே தோன்றிவிட்டது.

1960களில், தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய நான்கு பாடங்களிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, 400க்கு இத்துணை என்று வரிசைப்படுத்துவதே வழக்கமாயிருந்தது. இது எளிய முறை. எல்லோர்க்கும் விளங்கிய முறை. எனினும் அதனுள்ளே ஓர் ஏற்றத்தாழ்வு மறைந்திருந்ததைச் சுட்டியே ஆகவேண்டும். ஒரு பாடத்தின் வினாத்தாள் இலகுவாயின் பெரும்பாலோர் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் நெருங்கி நிற்பர். கடினமாயின் சிலர் எண்பதிலும் பலர் முப்பதிலுமாகச் சிதறுவர். கூட்டுத்தொகையைத் தீர்மானிப்பது அவ்வாறு சிதறும் பாடமே. நான்கு பாடங்களும் சமம் என்று விதி கூறினும், உண்மையில் மாணவனின் தலைவிதியை எழுதியது கடினமான அந்த ஒரு பாடந்தான்.

கடினமான பாடம் என்பது ஆய்வுகூடமும் நல்லாசிரியரும் வேண்டி நிற்கும் பாடம். இவ்விடத்திலே திருகோணமலையின் நிலை கவனத்திற்குரியது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட அந்நகரம் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளத்தைத் தாங்கி நின்றது. எண்ணெய்த் தாங்கிகளையும் நங்கூரத் துறைகளையும் அமைத்த ஆட்சியினர், நாட்டுப்புறப் பாடசாலைகளின் விஞ்ஞானக் கல்விக்கு அத்துணை அக்கறை காட்டினரல்லர். ஆயினும் அங்கு விஞ்ஞானத்திற்கு ஒரு மரபே இல்லை என்பது பொருந்தாது. திருகோணமலை இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபின் அதன் வளர்ச்சியில் ஈடுபட்டு, அதிபராகவும் பணியாற்றிய விபுலானந்த அடிகளைத் தமிழ்ப் பேராசிரியராகவே நாம் நினைவுகொள்கிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். பிற்காலத்து மாணவன் தமிழிற் பௌதிகவியல் விடை எழுதியபோது அத்தகைய முயற்சிகளின் பயனையே துய்த்தான். ஆனால் ஒரு கல்லூரி ஒரு மாவட்டமாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல மிஷன் கல்லூரிகளும் இந்துக் கல்லூரிகளும் தலைமுறை தலைமுறையாக ஆய்வுகூடங்களை வளர்த்து வந்தன. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் அவ்வாறு நிகழவில்லை.

1970இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அவ்வேளை மருத்துவ, பொறியியற் பீடங்களில் தமிழ்மொழிமூல மாணவரின் விகிதம் அவர்தம் மக்கட்டொகை விகிதத்திலும் பெரிதும் உயர்ந்திருந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்னும் ஐயமும் கிளப்பப்பட்டது, அக்குற்றச்சாட்டு நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் 1971ஆம் ஆண்டு அநுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவர்க்கு 400க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழிமூல மாணவர்க்கு 229 புள்ளிகளும் குறைந்த எல்லையாக வகுக்கப்பட்டன. பேராதனைப் பொறியியலுக்கு 250, 227 என்பன அவ்வெல்லைகள். இருபத்தொரு புள்ளி வேறுபாடு என்பது நான்கு பாடங்களுக்குப் பகிர்ந்தாற் பாடத்துக்கு ஐந்தே புள்ளிதான். ஆனால் இரசாயனவியற் புள்ளி சற்றே சரிந்தமையால் 240 பெற்று நின்ற தமிழ் மாணவன், அதே 240ஐப் பெற்ற சிங்கள மாணவன் மருத்துவபீடம் புகக் கண்டான். தமிழ் மாணவர் பேரவை தோன்றியதும், இளைஞர் அரசியல் புதிய பாதையிற் சென்றதும் இச்சூழலிலேயே. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை, பலர் விரித்துள்ளனர்.

1973இல் இவ்வெளிப்படையான வேறுபாட்டுக்குப் பதிலாகத் 'தரப்படுத்தல்' வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தினரின் புள்ளிகளும் ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றப்பட்டன. இதன் பயனாக, ஒவ்வொரு மொழிமூலத்திலிருந்தும் தகுதிபெறுவோர் தொகை அம்மொழியிற் பரீட்சை எழுதியோர் தொகைக்கு ஏற்ப அமைந்தது. இதற்கு அடிப்படையான எடுகோள், இரு மொழிமூலத்து மாணவரும் சராசரியில் ஒரே ஆற்றலுடையர். வேறுபாடு தோன்றின் அது வினாத்தாளாலோ திருத்துவோராலோ வந்தது என்பதாகும். ஆய்வுகூடம், ஆசிரியர், பாடசாலை மரபு என்பன அக்கணக்கில் இடம்பெறவில்லை. மேலும், தமிழ்மொழிமூலம் என்ற ஒரே வரிசையில் யாழ்ப்பாண நகரத்து மாணவனும் கப்பல்துறை மாணவனும் சேர்த்தே நிறுத்தப்பட்டனர். முன்னவனின் உயர்ந்த புள்ளி சராசரியை உயர்த்த, பின்னவனின் புள்ளி அதனாற் குறைக்கப்பட்டது. திருகோணமலைத் தமிழ், முஸ்லிம் மாணவர் தாம் பெறாத வசதிக்காகத் தண்டனை பெற்றனர் என்று கூறுவது மிகையன்று.

அடுத்த ஆண்டே மாவட்டக் கோட்டா புகுத்தப்பட்டது. பல்கலைக்கழக இடங்கள் மாவட்டங்களின் மக்கட்டொகைக்கேற்பப் பகிரப்பட்டன. இதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. யாழ்ப்பாணத்தில் இது தரப்படுத்தலின் தொடர்ச்சியாகவே கொள்ளப்பட்டது. அன்று அவ்வாறு கொண்டதிற் பிழை காண்பது அரிது. ஆனால் மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மாவட்டங்களின் மாணவர்க்கு மருத்துவபீடத்தின் கதவு இக்கோட்டாவினாலேயே சற்றுத் திறந்தது. அரசியல் மேடைகளில் இரண்டும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே பெயரால் வழங்கப்பட்டமை வரலாற்றுத் தெளிவுக்குத் தடையாயிற்று. ஒன்று மொழியால் வரிசை வகுத்தது. மற்றது இடத்தால் வகுத்தது. திருகோணமலை மாவட்டத்தின் வரிசையிலே தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் மூவரும் ஒருங்கே நின்றனர்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவிற் சொல்லத்தக்கவை. 1976இல் நூற்றுக்கு 70 இடங்கள் புள்ளியடிப்படையிலும் 30 மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்பட்டன. அம்முப்பதிற் பாதி பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் மொழிவழித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1979 அளவில் 30 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமென வகுக்கப்பட்டது. இவ்விகிதம் பிற்காலத்திற் பல தடவை மாறி, 40, 55, 5 என நிலைபெற்றது. திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இதன் உண்மையான அளவு யாது? 1981ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ 1 கோடி 48 இலட்சம். திருகோணமலை மாவட்டத்தினது ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரம். அஃதாவது நூற்றுக்கு 1.7. மாவட்டங்களுக்கென நூறு மருத்துவ இடங்கள் ஒதுக்கப்பட்டால், துறைமுக நகரத்துக்கும் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் சேர்த்து இரண்டு இடங்கள் கூட முழுமையாகக் கிடையா. இந்நிலையில் முதலாமவனுக்கும் நான்காமவனுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் ஒரு பாடத்தின் ஓரிரு வினாக்களே.

2000ஆம் ஆண்டளவில் உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாயின. தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என ஒன்றாயின. 2001 முதல் மொத்தப் புள்ளிக்குப் பதிலாக 'இசட் புள்ளி' நடைமுறைக்கு வந்தது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுப்பதே இம்முறை. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு அவற்றின் சராசரி எடுக்கப்படும். விளக்கத்தின்பொருட்டுக் கற்பனையாகச் சில எண்களைக் கொள்வோம். பௌதிகவியலின் சராசரி 40, விலகல் 15. இரசாயனவியலுக்கு 45, 15. உயிரியலுக்கு 55, 12. ஒரு மாணவி பௌதிகவியலில் 70, இரசாயனவியலில் 60, உயிரியலில் 73 பெறுகிறாள். மற்றொருத்தி முறையே 55, 69, 79 பெறுகிறாள். இருவர்க்கும் கூட்டுத்தொகை 203. முன்னைய முறையில் இருவரும் சமம். இசட் முறையிலோ முதலாமவளுக்கு 1.5000, இரண்டாமவளுக்கு 1.5333. நான்கு தசமதானங்கள்வரை கணக்கிட்டு வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படும் நாட்டில் இது பெரும் இடைவெளி.

இம்முறையினால் ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழச் சமநிறை பெற்றது. சிதறும் பாடமே தீர்மானிக்கும் பழைய குறை குறைந்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கணிதத்தைச் சற்று உற்று நோக்கின், 1973இன் தரப்படுத்தலும் சராசரியைக் கொண்டு புள்ளியை மாற்றும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது புலப்படும். வேறுபாடு, எவருடைய சராசரி என்பதிலேதான். அன்று மொழிமூலத்தினரின் சராசரி. இன்று அப்பாடத்துக்குத் தோற்றியோர் அனைவரதும் சராசரி. இதிலும் ஒரு நுட்பமுண்டு. பௌதிகவியலையும் இரசாயனவியலையும் கணிதப் பிரிவினரும் எழுதுகின்றனர். மருத்துவம் விழையும் மாணவியின் பௌதிகவியற் புள்ளி பொறியியல் விழைவோரின் புள்ளியோடு சேர்த்தே அளக்கப்படுகிறது. உயிரியல் மாணவர் பௌதிகவியலை அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்து.

வரிசையைப் பிழையாக வகுத்தால் நேர்வது யாது என்பதை 2011ஆம் ஆண்டுப் பரீட்சை வெளிப்படுத்தியது. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினர். இரு குழுவினரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டமை பெருங் குழப்பத்தை விளைவித்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2012 ஜூன் மாதத்தில் அக்கணிப்பு தள்ளுபடியாகி, தனித்தனியே கணிக்குமாறு பணிக்கப்பட்டது.

பிற நாடுகளும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. தமிழ்நாட்டில் 2007 முதல் மேனிலைப் பரீட்சையின் பௌதிக, இரசாயன, உயிரியற் புள்ளிகளே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தன. 2017இல் அகில இந்தியத் தகுதித் தேர்வு அவ்விடத்தைப் பிடித்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 வீத உள்ளொதுக்கீடு சட்டமாயிற்று. அமெரிக்காவிலே சேதன இரசாயனம் என்னும் ஒரு பாடமே மருத்துவராக விழைவோரை வடிக்கும் சல்லடையாக நெடுங்காலம் இருந்து வருகிறது. 2022இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் அப்பாடம் பயின்ற ஏறத்தாழ 350 மாணவருள் 82 பேர், தம் புள்ளிகள் தம் எதிர்காலத்தைக் கெடுப்பதாக முறையிட்டதும், வயது முதிர்ந்த பேராசிரியர் ஒருவரின் நியமனம் முடிவுறுத்தப்பட்டதும் உலகச் செய்தியாயின. அங்கே பேராசிரியரிடம் முறையிட இயன்றது. இங்கே பரீட்சகர் யார் என்பதே மாணவன் அறியான்.

இனி, திருகோணமலைக்குள்ளேயே வரிசை நேரானதா என்ற வினாவும் உளது. மாவட்டம் என்பது ஒரே தரத்து நிலமன்று. நகரத்துப் பெரிய கல்லூரிகளின் மாணவனும், மாலைநேரத் தனியார் வகுப்புக்குப் பஸ் ஏறிச் சென்று இருட்டுமுன் திரும்ப வேண்டிய கப்பல்துறை மாணவனும், பல தடவை இடம்பெயர்ந்த மூதூர் கிழக்கின் மாணவியும் ஒரே மாவட்ட இடத்துக்கே போட்டியிடுகின்றனர். போதாக்குறைக்கு, குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வெளிமாவட்ட மாணவர் வந்து பதிந்து பரீட்சை எழுதுவதும் நெடுநாட் குறைபாடாயிற்று. பாடசாலையிற் கற்ற ஆண்டுகளைக் கொண்டு மாவட்டத்தை நிர்ணயிக்கும் விதிகள் இதனைத் தடுக்கவே எழுந்தன. கோட்டாவை எதிர்ப்போர் அதனை நியாயமற்ற சலுகை என்பர்; ஆனால் அச்சலுகையை நாடிச் செல்வோரின் பெற்றோர் பெரும்பாலும் வசதியுடையோர் என்பதை அவர்கள் கூறுவதில்லை.

ஒரு பாடத்திற் சரிந்தவர்க்கு அப்பாடத்தை மட்டும் மீள எழுதும் வாய்ப்பில்லை. மூன்று பாடங்களையும் ஒரே அமர்வில் மீண்டும் எழுதவேண்டும். மூன்று தடவைக்கு மேல் அநுமதிக்குத் தோற்றவும் இயலாது. 1978இல் யாழ்ப்பாணத்திலும், 2000களின் நடுப்பகுதியில் மட்டக்களப்பிலும் மருத்துவபீடங்கள் தோன்றியமையால் இடங்கள் பெருகின. அவற்றுக்கும் எட்டாதோரிற் சிலர் அதே உயிரியற் பிரிவுப் பெறுபேற்றுடன், அதே இசட் புள்ளிப் பட்டியலிற் சில படிகள் கீழே நின்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் பயில்கின்றனர். கப்பல்துறையில் ஓர் ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. அவ்வூர்ப் பிள்ளை ஒருத்தி அங்கே சுதேச மருத்துவராகக் கடமையேற்பாளா, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் மேனாட்டு மருத்துவராக நிற்பாளா என்பதை இரசாயனவியல் வினாத்தாளின் ஒரு பகுதி தீர்மானித்துவிடக்கூடும்.