கப்பலேறிய வீட்டுப் பல்லி

மாலையில் விளக்கேற்றியதும் சுவருக்கு வந்து பூச்சி பிடிக்கும் பல்லியை நீங்கள் நன்கு அறிவீர்கள். அது எழுப்பும் ஒலிக்குப் பலன் பார்ப்பவரும் நம்மிடையே உண்டு. இப்பல்லி இனங்களுள் ஒன்றுக்கு விலங்கியலார் இட்ட பெயர் ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ். தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பகுதிகள் இதன் தாயகம். நமக்குத் தீங்கு செய்யாத இச்சிறு பிராணி, இந்துமாக் கடலின் மறு கோடியில் வேறொரு பல்லிக் குலத்தையே விரட்டிய வரலாற்றைக் கேளுங்கள்.

மொரீஷியஸ், எரிமலையால் உருவான தீவு. டச்சுக்காரர் 1598-இல் அங்கு இறங்கினர், 1638-இல் குடியேறினர். பிறகு டோடோ பறவை அழிந்த கதை உலகறிந்தது. ஆனால் நாக்டஸ் என்னும் இராப்பல்லிகளின் கதையை அறிந்தோர் சிலரே.

மனிதர் ஏறிய கப்பல்களில் சரக்குகளோடு வீட்டுப் பல்லியும் பயணம் செய்தது. அதன் முட்டை ஓடு கெட்டியானது, எளிதில் உலராது. நெடும்பயணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மொரீஷியஸ் பெருந்தீவில் ஒரு காலத்தில் நாக்டஸ் வாழ்ந்ததை அங்குக் கிடைத்த பழைய எலும்புகள் காட்டுகின்றன. இன்றோ அவை சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. அருகிலுள்ள ரியூனியன் தீவின் நாக்டஸ் இனம் அடியோடு அழிந்துவிட்டது.

எலியும் பூனையும் செய்த கேடு ஒருபுறம் இருக்க, வீட்டுப் பல்லியின் பங்கு என்ன? 2005-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. இரு பல்லிகளையும் அடைப்புகளில் ஒன்றாக விட்டுப் பார்த்தனர். பகலில் ஒளிவதற்குரிய பாறை இடுக்குகளிலிருந்து நாக்டஸை வீட்டுப் பல்லி துரத்தியது. ஒளிய இடமற்றது பகைவருக்கு இரையாகும் அன்றோ?

அப்படியானால் சில தீவுகளில் நாக்டஸ் தப்பியது எவ்வாறு? காலடியைக் கவனியுங்கள். வீட்டுப் பல்லியின் விரல்களில் ஒட்டும் பட்டைகள் உண்டு. வழவழப்பான சுவருக்கு அவை ஏற்றவை. பொடிப்பொடியாக உதிரும் எரிமலைச் சாம்பற் பாறையில் பிடிப்புக் கிடைப்பதில்லை. நாக்டஸுக்குப் பட்டை கிடையாது; நகங்களே துணை. குறை என்று நாம் நினைப்பதே அங்கு அதன் உயிரைக் காத்தது!

இடம் பிடித்துவிட்ட பல்லியை இடுக்குதோறும் தேடி ஒழிப்பது மிகக் கடினம். எனவே, எஞ்சிய தீவுகளுக்குச் செல்லும் படகையும் மூட்டையையும் முன்கூட்டியே சோதிப்பதுதான் சிறந்த காவல். பல்லியின் மேல் குற்றமில்லை; அதற்குக் கப்பல் கொடுத்தவன் மனிதனே.