மூச்சை ஆள்வது எது?

உறங்குகிறோம். உலகை மறக்கிறோம், ஊரை மறக்கிறோம். மூச்சு மட்டும் தன் கடமையை மறக்கவில்லை. ஏவுவது யார்? "ஆண்டவன்" என்றனர் ஒருசாரார். "ஆன்மா" என்றனர் மற்றொருசாரார். விடை கிடைத்துவிட்டதென்று கேள்வியையே மூடி வைத்தனர்.

மூடியதைத் திறந்தவர்களும் இருந்தனர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில், பெர்கமம் நகரில் வாட்போர் வீரர்களின் காயங்களுக்கு மருந்திட்டவர் கேலன். விலங்கின் தண்டுவடத்தைக் கழுத்தின் உச்சியில் அறுத்தார், மூச்சு நின்றது. கழுத்துக்குக் கீழே அறுத்தார். உதரவிதானம் ஓயாமல் இயங்கிற்று. ஆணை மேலிருந்து வருகிறது. ஆனால் வானத்திலிருந்தன்று, தலையிலிருந்து!

தலையில் எங்கே? 1812-இல் பிரெஞ்சு மருத்துவர் லெகல்வா நூல் எழுதி விடை சொன்னார். முயலின் மூளையை முன்னிருந்து சிறிது சிறிதாகச் சீவினார். பெருமூளை போயிற்று, சிறுமூளை போயிற்று, மூச்சு போகவில்லை. முகுளத்தின் ஒரு சிறு பகுதியில் கத்தி பட்டதும் நின்றது. கொடுமைதான்; மறுப்பாரில்லை.

முகுளம் ஆணையிடுகிறது, சரி. அதற்குச் செய்தி சொல்வது எது? பிராணவாயு குறைவதுதான் என்று எவரும் எளிதில் எண்ணுவர். பெயரிலேயே பிராணனை வைத்திருக்கிறதே! ஸ்காட்லாந்தில் பிறந்த ஹால்டேன் அப்படி எண்ணிவிட்டு அமரவில்லை. மூடிய பெட்டிக்குள் தாமே புகுந்து, கெட்ட காற்றைத் தாமே சுவாசித்துப் பார்த்தவர் அவர். பென் நெவிஸ் மலையுச்சியிலும், கார்ன்வாலில் டால்கோத் சுரங்கத்தின் ஆழத்திலும் நுரையீரற் காற்றை அளந்தார். 1905-இல் அவரும் பிரீஸ்ட்லியும் வெளியிட்ட முடிவு இது: காற்றழுத்தம் எப்படி மாறினாலும், நுரையீரலிலுள்ள கரியமிலவாயுவின் அழுத்தம் ஏறத்தாழ மாறுவதில்லை. அது நூற்றுக்கு 0.2 பங்கு ஏறினாலே போதும், சுவாசம் இருமடங்காகும். வேண்டாமென்று நாம் வெளியேற்றும் வாயுதான் நம்மை மூச்சுவிடச் செய்கிறது!

பிராணவாயுவுக்குக் காவலன் இல்லாமலில்லை. கழுத்தில் தமனி கிளைக்கும் இடத்தில், அரிசியளவே உள்ள ஓர் உறுப்பு அதைக் கவனிக்கிறது. இதனைத் தெளிவாக்கிய பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பிராணவாயு வெகுவாகக் குறைந்த பிறகே இக்காவலன் உரக்கக் கூவுவான்.

ஆகவேதான், நீரில் மூழ்கிப் பந்தயம் கட்டும் இளைஞர் சிலர் கரைக்கு உயிரோடு திரும்புவதில்லை. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்குகின்றனர். அதனால் பிராணவாயு அதிகம் சேர்வதில்லை, கரியமிலவாயுதான் வெளியேறிவிடுகிறது. நீருக்குள் பிராணவாயு வற்றுகிறது; மேலே வா என்று முகுளத்தைத் தட்டும் வாயுவோ இன்னும் சேரவில்லை. திணறல் தோன்றுமுன்பே நினைவு தப்பிவிடுகிறது.