தீர்வையற்ற கடை தோன்றிய வரலாறு

அயல்நாடு செல்லும் நாம், தில்லியிலோ மும்பையிலோ கடவுச்சீட்டுச் சோதனை முடிந்து விமானம் ஏறுமுன், ஒளிமிக்க அங்காடியொன்றைக் காண்கிறோம். வாசனைத் திரவியங்களும் மிட்டாய்களும் மதுவகைகளும் அங்கே தீர்வையின்றி விற்கப்படுகின்றன. அரசாங்கம் தனக்குரிய தீர்வையை ஏன் விட்டுக்கொடுக்கிறது? இவ்வழக்கம் எங்கே தோன்றியது? இவற்றைச் சற்றே ஆராய்வோம்.

தன் எல்லைக்குள் நுகரப்படும் பண்டத்திற்கே ஒரு நாடு தீர்வை விதிக்கிறது. புறப்படும் பயணி வாங்கும் பொருளோ எல்லை கடந்து செல்வது. ஆதலால் அஃது ஏற்றுமதிச் சரக்குக்கு நிகரானது. இக்கொள்கையை விமான நிலையத்தில் முதன்முதல் நிலைநாட்டிய நாடு அயர்லாந்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த விமானங்கள் இடைவழியில் எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஷானன் அதற்கு வாய்ப்பான இடமாயிற்று. எரிபொருள் நிரப்பும் வரை பயணிகள் வாளா காத்திருந்தனர். அங்கே உணவு விடுதிப் பொறுப்பை ஏற்றிருந்த பிரண்டன் ஓரீகன் என்பார், அக்காத்திருப்பையே வணிகமாக்க எண்ணினார். 1947-ஆம் ஆண்டில் ஷானனைச் சுங்கமற்ற விமான நிலையமாக்கும் சட்டம் நிறைவேறியது, கடையும் பிறந்தது.

ஆயினும் சோதனையும் வந்தது. 1950-களின் இறுதியில் தோன்றிய ஜெட் விமானங்கள், ஷானனில் இறங்காமலே சமுத்திரத்தைத் தாண்ட வல்லவை. பிழைப்புத் தேடி இளைஞர் கப்பலேறிய அந்நாட்டில், இருந்த வேலையும் பறிபோகும் நிலை ஏற்பட்டது. ஓரீகன் மனந்தளரவில்லை. கடைக்குப் பொருந்திய நெறி தொழிற்சாலைக்கும் பொருந்தாதோ? தீர்வையின்றி மூலப்பொருளைக் கொணர்ந்து, செய்பொருளை வெளிநாட்டிற்கு அனுப்பும் தொழில்களுக்கென, 1959-இல் விமான நிலையத்தை அடுத்தே தனி மண்டலம் வகுக்கப்பட்டது. அதனருகே புதியதொரு நகரமும் எழுந்தது. இதே நெறியில் நம் நாட்டின் காண்ட்லாவில் 1965-இலும், சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1984-இலும் ஏற்றுமதி மண்டலங்கள் அமைந்தன.

1983-இல் துபாயில் தீர்வையற்ற கடை தொடங்கியபோது, அதனை அமைக்கத் துணைநின்றோரும் அயர்லாந்து வல்லுநர்களே. பின்னர், ஐரோப்பிய ஒன்றியம் ஒரே சந்தையானதால், உறுப்பு நாடுகளுக்கிடையே பயணம் செய்வோர்க்கிருந்த இச்சலுகை 1999-இல் நீங்கியது. எல்லை மறைந்தவிடத்துச் சலுகைக்கும் காரணம் இல்லையன்றோ?

நேயர்களே, அக்கடைகளில் விலை எப்போதும் மலிவென்று கொள்ளற்க. வெளியங்காடி விலையோடு ஒப்பிட்டறிதல் நன்று. தாயகம் திரும்புகையில் நம் சுங்க வரம்பையும் மறவாதிருப்போம். வேலை தேடி ஊர்விட்டு வந்த நமக்கு, அக்கடைகளினும் ஷானன் மக்களின் முயற்சியே பெரிதாகத் தோன்றுகிறது. வழிப்போக்கர் தங்கும் ஊரையே அவர்கள் தம் மக்கள் வாழும் ஊராக்கினர்.